அஞ்சேல் என்னும் சொல்: தேவாரத்தில் இறைகாப்பும் அதன் சமூகப் பொருளும்

1

துன்பக் காலத்தில் இறைவனின் காப்பை நாடி ஆறுதல் பெறுதல் நமது விமர்சன உலகிற் பெரும்பாலும் இரண்டு வகையாகவே எதிர்கொள்ளப்பட்டு வந்துள்ளது. சமய மரபினர் அதனை அநுபவம் எனக் கொண்டு ஆராய்ச்சிக்கு அப்பால் வைப்பர். முற்போக்கு அணியினருட் பலர் அதனை மயக்கம் எனக் கொண்டு ஆராய்ச்சிக்குக் கீழே வைப்பர். முதற் சாரார் வணங்கிவிட்டு நகர்கின்றனர். மற்றையோர் கடிந்துவிட்டு நகர்கின்றனர். பாடல் மாத்திரம் படிக்கப்படாமலே எஞ்சுகின்றது.

இரண்டாவது சாராருக்கு அரணாக எடுத்துக்காட்டப்படுவது, மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்சின் கூற்று. 1844ஆம் ஆண்டில் வெளிவந்த, ஹெகலின் சட்டத் தத்துவம் பற்றிய விமர்சனத்துக்கான முன்னுரையிலே அக்கூற்று இடம்பெறுகின்றது. ஆயின் அதே பந்தியில் மார்க்ஸ் வேறொன்றையும் கூறியுள்ளார். மதத் துயரமானது மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும், அதே வேளையில் அம்மெய்த் துயரத்துக்கு எதிரான ஆட்சேபமாகவும் அமைகின்றது என்பது அவரது கருத்தாகும். வெளிப்பாடு, ஆட்சேபம் என்னும் இரண்டையும் விடுத்து அபினியை மட்டும் கைக்கொள்வது மார்க்சியமுமாகாது, இலக்கிய விமர்சனமுமாகாது.

தமிழிற் பக்தி இயக்கத்தின் சமூக அடிப்படையை ஆராய்ந்தோருள் பேராசிரியர் க. கைலாசபதி தலையாயவர். 1966இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலிலுள்ள 'நாடும் நாயன்மாரும்' என்ற கட்டுரையில், சமண பௌத்த மதங்களைச் சார்ந்து நின்ற வணிக வர்க்கத்துக்கு எதிராக நிலவுடைமை வர்க்கம் கிளர்ந்தெழுந்தமையின் கருத்து வடிவமாகப் பக்தி இயக்கத்தை அவர் விளக்கினார். அவ்விளக்கம் இயக்கத்தின் பொதுப் போக்கைத் தெளிவாக்குகின்றது. ஆயினும், அவ்வியக்கம் தந்த பாடல்கள் அச்சத்தில் வாழ்ந்த மனிதருக்கு என்ன செய்தன என்ற வினா அதனால் முடிந்துவிடவில்லை. ஓர் இயக்கம் எந்த வர்க்கத்தின் நலனுக்கு உதவிற்று என்பது ஒரு கேள்வி. அதன் சொற்களை வேறு மனிதர் எந்த நலனுக்காக எடுத்தாண்டனர் என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

இதனை ஆராய்வதற்கு மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம். எதனிடமிருந்து காப்பு? யாருக்குக் காப்பு? அக்காப்பை இவ்வுலகில் நடைமுறைப்படுத்தும் கருவி யாது? ஆறுதல் தரும் பாடல்கள் யாவும் ஒரே வகையின என்னும் எண்ணம் இவ்வினாக்களின் முன் நில்லாது என்பதே இங்கு காட்ட முற்படுவது.

2

ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் வாழ்க்கை நெருக்கடிகளின் தொடராகவே நமக்குக் கையளிக்கப்பட்டுள்ளது. சமணத் துறவியாய்த் தருமசேனர் என்னும் பெயரோடு விளங்கியவர், சூலை நோய் வருத்தத் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து, திருவதிகை வீரட்டானத்திலே சைவராகின்றார். பின்னர்ப் பல்லவ மன்னனின் ஆணை, ஏழு நாள் நீற்றறை வாசம், நஞ்சு, யானை, கல்லோடு கடலில் எறியப்படல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவ்வரலாற்றை முழுமையாகத் தருபவர் சேக்கிழார். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். நாவுக்கரசருக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவர். எனவே வரலாற்றையும் பாடலையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகின்றது. கல்லோடு கடலில் இடப்பட்டமையைத் திருநீலக்குடிப் பதிகத்தில் நாவுக்கரசரே குறிப்பிடுகின்றார். மற்றையவற்றுள் எல்லாவற்றுக்கும் அத்தகைய தெளிவான அகச்சான்று கிடைப்பதில்லை.

நீற்றறையிற் பாடியதாகக் கூறப்படும் ஐந்தாம் திருமுறைப் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் பாட்டிலே வீணையிசையும் மாலை மதியும் தென்றலும் இளவேனிலும் வண்டு மொய்க்கும் பொய்கையும் இறைவனடி நிழலுக்கு உவமைகளாகின்றன. நெருப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, மன்னன் இல்லை. பாடலை நீற்றறைக்குள் வைத்தது மரபே. ஆயின் மரபு அதனைத் தற்செயலாகச் செய்ததெனக் கொள்வதற்கில்லை. துன்பத்தின் பெயர் பாடலுக்குள் இல்லாமையினாலேயே எந்தத் துன்பத்துக்குள்ளும் அதனைக் கொண்டுசெல்ல முடிகின்றது. வெந்து தவிப்பவன் எவனும் அப்பொய்கைக் கரையிற் சிறிது நேரம் அமரலாம். வெம்மையை எடுத்துரையாது தண்மையை மட்டும் எடுத்துரைக்கும் இம்முறையிலே துன்பம் மறுக்கப்படவில்லை. பாடுபவனின் மனத்தை முழுவதும் ஆள்வதற்கு அதற்கு இடமளிக்கப்படவில்லை, அவ்வளவே.

மறுமாற்றத் திருத்தாண்டகம் இதனின்றும் வேறானது. மன்னன் அழைக்கின்றான் என்று வந்தோருக்குக் கூறிய மறுமொழி என்பதனாலேயே அதற்கு அப்பெயர் அமைந்தது. எவருக்கும் தாம் குடிகளல்லர் என்றும், எமனுக்கும் அஞ்சப் போவதில்லை என்றும், நோயும் நரகமும் தம்மைத் துன்புறுத்தா என்றும், சங்கரனுக்கே தாம் மீளா ஆட்பட்டவர் என்றும் அது அறிவிக்கின்றது. இங்கே 'காப்பாற்று' என்னும் வேண்டுகோள் இல்லை. காப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்னும் நிலையிலிருந்தே பாடல் தொடங்குகின்றது. எதனிடமிருந்து காப்பு என்ற வினாவுக்கு இப்பாடல் தரும் விடை அரசதிகாரம் என்பதாகும். இறைவனுக்கு அடிமை எனும் ஒரே காரணத்தால் மன்னனுக்கு அடிமையன்று எனும் தருக்கம் கவனத்துக்குரியது. பக்திப் பாடல்களில் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் ஒரே வகையான சொற்கள் வழங்குதலை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அதனை அரசியல் விசுவாசத்தின் சமய வடிவம் என விளக்குதலும் உண்டு. இத்தாண்டகத்தில் அச்சொற்களே அரசனுக்கு எதிராகத் திரும்புகின்றன. உயர்ந்த ஆண்டான் ஒருவனைத் தேடிக்கொண்டமையால், அண்மையிலுள்ள ஆண்டானை மறுக்கும் துணிவு பிறக்கின்றது. இதனை அபினி என்று பெயரிடுவது எளிதன்று.

3

யாருக்குக் காப்பு என்ற இரண்டாவது வினாவுக்குத் திருஞானசம்பந்தரின் இரு பதிகங்கள் தெளிவான விடை தருகின்றன.

கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது பாடப்பட்டது திருநீலகண்டப் பதிகம் என்பர். அதன் தொடக்கமே நமது பொதுவான எண்ணத்துக்கு மாறானது. முன்செய்த வினையாலேயே இத்துன்பம் வந்தது எனச் சொல்லிவிட்டு, உய்யும் வழியை நாடாதிருப்பது உங்களுக்குக் குறையன்றோ என்று கூட்டத்தாரைப் பார்த்து அது கேட்கின்றது. விதியை ஏற்று வாளாவிருத்தலைச் சமயம் போதிக்கின்றது என்பது நாம் அடிக்கடி கூறும் குற்றச்சாட்டு. இங்கே சமயப் பாடல் ஒன்றே அவ்வாளாவிருத்தலைக் கண்டிக்கின்றது. அடுத்த பாட்டிலே சோலைகள் வளர்த்தலும் குளங்கள் தோண்டுதலும் வழிபாட்டோடு ஒருங்கு வைத்துப் பேசப்படுகின்றன. நோய் பரவிய வேளையில் நீரையும் நிழலையும் நினைக்கும் ஆறுதல் அது. வினை 'எம்மை'த் தீண்டாது எனும் பன்மையும் மனங்கொள்ளத்தக்கது. நோயுற்றவனும் உறாதவனும் அப்பன்மைக்குள் ஒன்றாகின்றனர்.

கோளறு பதிகம் திருமறைக்காட்டிலே பிறந்தது. மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்படும் சம்பந்தரை, நாளும் கோளும் நன்றாயில்லை எனவும் சமணர் கொடியர் எனவும் கூறித் தடுப்பவர் நாவுக்கரசர். கடலுக்கு அஞ்சாதவர் இளையவர் ஒருவரின் பொருட்டு அஞ்சுகின்றார். இதனைச் சேக்கிழார் குறையாகக் காட்டவில்லை. தனக்காக அஞ்சாமையும் பிறருக்காக அஞ்சுதலும் ஒரே நெஞ்சிற் கூடியிருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்பதிகத்தின் முறை, நீற்றறைப் பதிகத்தின் முறைக்கு நேர் எதிரானது. அது துன்பத்தைப் பெயரிடவில்லை. இது ஒன்றையும் விடாது பெயரிடுகின்றது. கோள்கள், நாட்கள், எமனும் அவன் தூதரும், இடி மின்னல், புலி யானை பாம்பு, சுரம் வாதம் பித்தம் என அக்காலச் சமூகத்தின் அச்சங்கள் அனைத்தும் வரிசையாக அழைக்கப்படுகின்றன. எவையும் பொய்யெனத் தள்ளப்படவில்லை. அவை நல்லனவாக மாறும் என்றே சொல்லப்படுகின்றது. அதற்குரிய காரணம் இறைவன் பாடுபவரின் உள்ளத்திற் புகுந்தமை. பயனோ அடியாருக்கு உரியது. காரணம் ஒருமையிலும் பயன் பன்மையிலும் அமைந்துள்ள இவ்வாக்கியக் கட்டமைப்பே பதிகத்தின் உயிர் எனலாம். ஒருவர் பெற்ற துணிவு பலருடைய பாதுகாப்பாகின்றது.

ஆயின் இப்பன்மைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. பதிகத்தின் பத்தாவது பாட்டிலே புத்தரும் சமணரும் வாதில் தோற்கடிக்கப்பட வேண்டியோராக நிற்கின்றனர். மதுரையிற் சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்னும் பெரியபுராணச் செய்தி வரலாற்று நிகழ்ச்சியாக நிறுவப்பட்டதன்று. எனினும் அதனைப் பெருமையோடு நினைவுகூரும் மனப்பாங்கு மெய்யானது. அதனை விமர்சகன் கடந்து செல்லலாகாது. நாவுக்கரசரின் வரலாற்றிலும் இத்தகைய திருப்பம் உண்டு. மனம் மாறிய பல்லவன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அக்கற்களைக் கொண்டு திருவதிகையிலே குணதரவீச்சரம் எடுத்தான் என்கின்றார் சேக்கிழார். நேற்று அரசதிகாரத்துக்கு எதிராக நின்ற ஆறுதல், இன்று அரசதிகாரத்தின் கையிலே கடப்பாறையாகின்றது.

இடிக்கப்பட்டதாகக் கூறப்படுவோரின் மரபும் காப்பை அறியாததன்று. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி எனும் நால்வகைத் தானங்களைச் சமணர் போற்றினர். அடைக்கலம் தருதலை அபயதானம் என்றனர். 'அஞ்சினான் புகலிடம்' எனும் பெயரால் அடைக்கல இடங்களைக் குறிக்கும் சாசனங்கள் தமிழகத்தில் உள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி தமது 'சமணமும் தமிழும்' நூலில் அவற்றை அபயதானத்தோடு தொடர்புபடுத்திக் காட்டியுள்ளார். 'அஞ்சேல்' என்னும் சொல் எந்தச் சமயத்துக்கும் தனியுடைமையன்று. அதனைத் தனியுடைமையாக்கும் முயற்சி தொடங்கும் இடத்திலேயே, ஒருவரின் ஆறுதல் இன்னொருவரின் அச்சமாகத் தொடங்குகின்றது.

4

மூன்றாவது வினா உலகியற் கருவி பற்றியது. இறைகாப்பு எனப்படுவது சோறாகவும் கூரையாகவும் எவ்வாறு மாறுகின்றது? சோழ நாட்டிலே ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ள இரண்டு ஊர்கள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது திருவீழிமிழலை. பஞ்சம் வந்துற்றபோது சம்பந்தரும் நாவுக்கரசரும் அங்கே தங்கினர். கோயிலிலே நாடோறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொற்காசு கிடைத்தது. அதனைக் கொண்டு அடியாருக்கு உணவளித்தனர் என்பது வரலாறு. இதிலே சேக்கிழார் தரும் நுணுக்கமான செய்தி ஒன்றுண்டு. நாவுக்கரசரின் காசு சந்தையிலே தடையின்றி மாறிற்று. சம்பந்தரின் காசுக்கோ வாசி, அதாவது வட்டம், கழிக்கப்பட்டது. அதனால் அவரது மடத்திலே அமுது சமைத்தல் தாமதித்தது. காசின் வாசி நீங்கவேண்டிச் சம்பந்தர் பாடிய பதிகம் முதலாம் திருமுறையில் உள்ளது. இவ்வேறுபாட்டுக்குச் சேக்கிழார் கூறும் காரணம், நாவுக்கரசர் கைத்தொண்டு செய்தவர் என்பதாகும். உழவாரப்படை பிடித்த கைக்குக் கிடைத்த காசே முழுமதிப்புப் பெற்றது. உழைப்புக்கும் மதிப்புக்கும் உள்ள உறவை ஒரு புராணக் கதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருத்தல் வியப்புக்குரியது. இங்கே காப்பு என்பது வானத்திலிருந்து இறங்கிய மனநிறைவன்று. கோயிற் பொருள், சந்தை, அரிசி, அடுப்பு, பந்தி என்னும் சங்கிலியின் இறுதிக் கண்ணியாகவே அது பசித்தவனை அடைகின்றது.

இரண்டாவது ஊர் திருப்பாம்புரம். 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வூர்ச் சாசனம், காலம் பொல்லாததாகிப் பசியால் மடியும் நிலையில், வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைத் தெரிவிக்கின்றது. கோயில் இங்கும் காசு கொடுத்தது, உயிரும் காப்பாற்றப்பட்டது. ஆயின் காசுக்கு ஈடாக மூன்று மனிதரின் உடல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நாவுக்கரசர் அரசனை மறுப்பதற்குப் பயன்படுத்திய 'அடிமை' எனும் சொல், இங்கே உருவகத்தை இழந்து கிரயப் பொருளாகின்றது. வீழிமிழலைக்கும் பாம்புரத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் சாசனத்தின் காலத்துக்கும் இடைப்பட்டது ஐந்து நூற்றாண்டுக்கு மேல். பெரியபுராணம் பாடப்பட்ட அதே பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிந்தவுடன் இச்சாசனம் எழுகின்றது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெருநிலவுடைமை நிறுவனமாய்க் கோயில் வளர்ந்த காலத்தில், நிபந்தனையற்ற காசு பற்றிய கதையை மக்கள் விரும்பிக் கேட்டிருப்பர். அக்கதையைப் பழம்பெருமை என்று மட்டும் கொள்ளாது, நிகழ்காலக் கோயிலின் முன் வைக்கப்பட்ட ஒரு கோரிக்கையாகவும் படிக்க இடமுண்டு.

5

நிறுவனம் காவாதவிடத்து மனிதனுக்கு எஞ்சுவன அவனது உடலும் சொற்களுமே. கவச இலக்கியங்கள் அந்நிலைக்கு உரியன. அவற்றுள் இன்று மிகுதியாக ஓதப்படுவது தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசம். உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றை வேல் காக்கவேண்டும் என வேண்டுதலும், பேய், நஞ்சு, விலங்கு, நோய் ஆகியவற்றை ஓட்டுதலும், ஓதுவார்க்குக் கோள்கள் நன்மை செய்யும் எனப் பயன் கூறுதலும் அதன் அமைப்பு. பட்டியலிடும் முறையாற் கோளறு பதிகத்தோடு உறவுடையது. ஆயின் பெரும்பான்மையும் 'என்னை' எனும் ஒருமையிலேயே அமைவது. மாற்றார் பணிவர் எனும் பயன் உண்டு. குளம் தோண்டுதல் பற்றிய பேச்சு இல்லை.

இதனை வீழ்ச்சி எனக் கூறி முடித்தல் நமது வழக்கம். அவ்வழக்கம் முழுவதும் சரியானதன்று. தேவாரத்திலும் ஒருமை உண்டு. திருவதிகையில் நாவுக்கரசர் பாடிய முதற் பதிகம் குடரை முடக்கும் வலியைச் சொல்லும் ஒருமைப் பாடலே. வலி எப்பொழுதும் ஓர் உடலிலேயே தொடங்குகின்றது. மேலும் கவசத்தின் 'நான்' பிறருக்குக் கடன் கொடுக்கப்படும் 'நான்'. சுரத்திற் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டிலிருந்து தாய் அதனை ஓதும்போது, காக்கப்படவேண்டிய உறுப்புகள் பிள்ளையினுடையவை. அவளிடம் அரசுமில்லை, மருத்துவருமில்லை, நிலமுமில்லை. தன் பிள்ளையின் உடலை ஓர் உறுப்பும் மறவாது எண்ணிப் பார்க்கும் உரிமை மட்டும் உண்டு. அவ்வுரிமையைப் பரிகசிக்கும் முற்போக்கு, மருத்துவமனை இல்லாமையைப் பரிகசித்தல் வேண்டும். அதே வேளையில், மருத்துவமனை வேண்டும் எனக் கேட்கவேண்டிய குரலைக் கவசம் தணித்துவிடுமாயின், அவ்விடத்து அபினி எனும் சொல் பொருத்தமாகவே அமையும். எந்த ஓதுதல் எப்பயனைத் தருகின்றது என்பதைப் பனுவலை மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது. ஓதும் சூழலையும் உடன் வைத்தே நோக்குதல் வேண்டும்.

6

இவ்வாராய்ச்சி நமது நாட்டில் வெறும் ஏட்டு முயற்சியன்று. திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். இப்பாடல்கள் இங்கும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டவை. போர்க்காலத்திலே இந்நாட்டு மக்கள் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் அடைக்கலம் தேடினர். 1995 யூலை 9ஆம் நாள் நவாலியிலே புனித பேதுரு தேவாலயத்தின் மீது விமானக் குண்டுகள் விழுந்தபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியிலே பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறைகாப்பு பற்றிய எந்தப் பேச்சும் இவ்விரு நாட்களுக்கும் முகங்கொடுத்தே ஆகவேண்டும். காக்கப்பட்டோரின் சான்றுகளை மட்டும் தொகுத்து ஆறுதல் சொல்வது, காக்கப்படாதோரைக் குற்றவாளிகளாக்கும். நம்பிக்கை குறைந்தமையால் அவர்கள் மாண்டனர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

எனவே, இறைவனை நம்பியோருக்குத் தீங்கு நேராது என்னும் பொருளிலே இப்பாடல்களைப் பாதுகாப்பு உறுதிமொழிகளாகக் கொள்ளல் இயலாது. அவற்றின் வலிமை வேறிடத்தில் உள்ளது. மறுமாற்றத் திருத்தாண்டகம், தீங்கு செய்ய வல்லவனுக்கும் நம்மை ஆளும் உரிமை இல்லை என்கின்றது. திருநீலகண்டப் பதிகம், துன்பத்தை விதியெனக் கூறி வாளாவிருத்தலைக் கண்டிக்கின்றது. வீழிமிழலைக் கதை, ஆறுதலுக்கு அரிசி வேண்டும் என்கின்றது. இம்மூன்றும் பகுத்தறிவாளனும் ஏற்கக்கூடியவை, நம்பிக்கையாளன் மறக்கக்கூடாதவை.

பக்திப் பாடலை மதிப்பிடும் விமர்சகனிடம் இறைவன் உண்டோ இல்லையோ என்னும் தீர்ப்பை எவரும் கேட்பதில்லை. அவனது பணி, ஒரு சமூகம் அஞ்சிய வேளையில் எச்சொற்களைப் பற்றிக்கொண்டது, அச்சொற்கள் அதன் கதவைப் பிறருக்குத் திறந்தனவா அடைத்தனவா என்பதைக் காட்டுதல். 'அஞ்சேல்' எனச் சொல்பவர், அஞ்சி வந்தவனை உள்ளே அழைத்து இருத்தவும் கடமைப்பட்டவர். அக்கடமையை ஏற்றுக்கொண்ட ஆறுதல்களையும் தட்டிக்கழித்த ஆறுதல்களையும் பிரித்தறிதலே பக்தி இலக்கிய ஆய்வில் நம் முன்னுள்ள பணியாகும். இப்பிரித்தறிதலின்றி எழுதப்படும் போற்றலும் தூற்றலும் ஒரே அளவிற் பயனற்றவை.